ஒரு தீக்குச்சி இடைவெளி

பட்டறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, முதல் மாதம் முடிவதற்குள் உங்களில் ஒருவராவது ஸ்ட்ரட்டை ஸ்க்ரூவால் இழுத்துப் பொருத்தப் போகிறார். பந்தயம் கட்டத் தயார். அதைச் செய்யப்போகிறவர் உங்களில் சோம்பேறியாக இருக்க மாட்டார். கைத்திறன் உள்ளவராகத்தான் இருப்பார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

ரேடியோவில் ஓடும் மாதிரிப் படகுக்கு எந்த ட்ரில், எந்தப் பசை, எவ்வளவு கிரீஸ் என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் ஒன்றை மட்டும் நினைவூட்டிவிட்டுக் கதைக்கு வருகிறேன். மோட்டார் படகின் உள்ளே இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் நீளக் கம்பிதான் ஷாஃப்ட். அது ஒரு பித்தளைக் குழாய் வழியாகப் படகின் அடியில் சாய்வாக வெளியே வருகிறது. அதன் நுனியில் புரொப்பெல்லர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஆடாமல் இருக்க, படகின் அடியிலிருந்து ஒரு கால் இறங்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காலுக்குத்தான் ஸ்ட்ரட் என்று பெயர். பார்க்க ஒரு சுண்டுவிரல் அளவுதான். அந்தச் சுண்டுவிரல் என்னை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

நான் சேர்ந்த காலத்தில் நம் பட்டறை மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். எண்பதுகளின் பிற்பாதி. எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில். நெல் போட்ட நிலமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த சமயம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த பெண் என்று என்னை வேடிக்கை பார்த்தவர்கள் பலர். வேலை கொடுத்தவர் ஒருவர்தான். அவரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். மர வேலைக்குத் தனபால் அண்ணன் இருந்தார். உலோக வேலைக்கு நான்.

கல்லூரிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் மாதிரிகள் செய்து கொடுத்தோம். எதுவாவது ஒன்றோடு ஒன்று சேராமல் முரண்டு பிடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அரம் போட்டு, தட்டி, நெளித்து, எப்படியாவது சேர்த்துவிடுவேன். "கௌரி கை பட்டா பொருந்தாதது எது?" என்பார் சார். அந்த வார்த்தை எனக்கு மத்தியானச் சாப்பாட்டைவிட ருசியாக இருந்தது. அந்த ருசிதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஒரு நாள் மீன்பிடிப் படகு ஒன்றின் மாதிரி செய்யும் வேலை வந்தது. துறைமுகம் இல்லாத கடற்கரையில், நேராக மணலில் ஏறி இறங்கும் படகு. டிசைன் ஆபீஸ் ஒன்று வரைபடம் போட்டிருந்தது. பெரிய படகு இருபத்துநான்கு அடி. நாங்கள் செய்ய வேண்டியது ஆறில் ஒரு பங்கு, நாலடி நீளம், ரேடியோவில் ஓட வேண்டும். கோவளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு குப்பத்துக்காரர்களை அழைத்து வந்து, பீர்க்கன்கரணை ஏரியில் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் சம்மதித்தால் முதல் பெரிய படகு கட்டப்படும். அதற்கான ஸ்ட்ரட்டை வார்ப்பதற்கு மர அச்சும் எங்களிடமிருந்துதான் போக வேண்டும்.

அந்த முதல் படகில் போவதாக முன்வந்தவர் முனுசாமி. அவர் மனைவி அஞ்சலை அக்காவை எனக்கு முன்பே தெரியும். காலையில் பஸ் ஏறி வந்து தாம்பரத்தில் மீன் விற்பவர், எங்கள் ஷெட் வாசலைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போவார். முந்தைய வருடம் கரைக்குத் திரும்பும்போது எஞ்சின் நின்றுபோய், அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்ததில் அவருடைய கொழுந்தன் இறந்துவிட்டார். அதனால் மாதிரிப் படகு வேலை தொடங்கியதிலிருந்து அக்கா வாரத்துக்கு இரண்டு முறையாவது கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சனிக்கிழமை ஏரியில் ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ட்ரட் பொருத்த உட்கார்ந்தேன். படகைக் கவிழ்த்து வைத்து, ஷாஃப்டைக் குழாய்க்குள் விட்டேன். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் நிற்காமல் சுற்றியது. வரைபடத்தில் இருந்த அளவுக்கு அப்படியே ஸ்ட்ரட்டைச் செய்து வைத்திருந்தேன். அதை ஷாஃப்டில் மாட்டி, குறித்த இடத்துக்குத் தள்ளினேன். அதன் பாதம் படகின் அடியில் உட்காரவில்லை. நடுவில் இடைவெளி. ஒரு தீக்குச்சி நுழையும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரட் வரைபடத்தின்படி இருக்கிறது; ஆகவே தப்பு என்னுடையது, குழாயை ஒட்டும்போது எங்கோ கை நழுவியிருக்கும் என்று முடிவு கட்டினேன். அடக்கமான முடிவுபோலத் தெரிகிறதல்லவா? அடக்கம் எல்லாம் இல்லை. என் தப்பு யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அதன் உள்ளே இருந்தது. அடியில் ஒரு பித்தளைத் தகடு வைத்து இடைவெளியை நிரப்பியிருக்கலாம். நிரப்பினால் தகடு வெளியே தெரியும், ஏன் என்று கேட்பார்கள். அதனால் இரண்டு ஸ்க்ரூவையும் போட்டு, மாறி மாறி முறுக்கினேன். பாதம் மெல்ல இறங்கி, மரத்தோடு ஒட்டி உட்கார்ந்தது. பார்க்க அத்தனை அழகு.

ஷாஃப்டைச் சுண்டினேன். அரைச் சுற்று சுற்றி நின்றது. கொஞ்சம் கிரீஸ் வைத்தேன். ஒரு சுற்று வந்தது. பேட்டரியைக் கொடுத்ததும் மோட்டார் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் விர்ரென்று ஓடியது. சார் வந்து பார்த்தார், குனிந்து ஸ்ட்ரட்டின் பாதத்தைத் தடவினார், வழக்கமான அந்த வார்த்தையைச் சொன்னார். நானும் வழக்கம்போலச் சிரித்தேன்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் நல்ல கூட்டம். குப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர், வரைபடம் போட்ட இன்ஜினியர், எங்கள் தெரு ஜனங்கள் பாதி. படகு அன்றைக்குப் பிரமாதமாக ஓடியது. நேராகப் போனது, வளைந்து வந்தது, களிமண் சரிவில் மூக்கை ஏற்றி நின்றது. அரை மணி நேரம் ஓட்டினோம். முனுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, படகோடு கூடவே நடந்து பார்த்தார். கரையேறியதும் தன் ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்ஜினியர் சாரிடம், வரைபடத்தில் ஒரு கோடுகூட மாற்ற வேண்டியதில்லை, திங்கட்கிழமை ஸ்ட்ரட்டின் அச்சை வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அஞ்சலை அக்கா என்னிடம் வந்தார்.

"இன்னா மா, இத்த நீதானே செஞ்ச?"

"ஆமாங்க்கா."

"எங்க வூட்டுக்காரரு இதுல போலாமா? நீ சொல்லு. அவங்க சொல்றது எனுக்கு வோணாம்."

"தாராளமா போலாங்க்கா" என்றேன். கேட்ட கையோடு சொன்னேன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பி, நீர் போவதற்காகப் படகைப் பிரித்தேன். ஸ்ட்ரட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றியதும் பாதம் டக்கென்று எழும்பி நின்றது. அதே தீக்குச்சி இடைவெளி. ஷாஃப்டை உருவினேன். ஸ்ட்ரட்டுக்குள் ஷாஃப்டைத் தாங்கும் சிறு குழல்தான் புஷ்; அதன் துளை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுத்து, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அரை மணி நேர ஓட்டத்துக்கே இந்தத் தேய்மானம்.

வெள்ளிக்கிழமை செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். குழாயின் சாய்வை அளந்தேன். சரியாக இருந்தது. அது வெளியே வரும் இடத்தை அளந்தேன். அதுவும் சரி. மோட்டார் உட்காரும் உயரம், ஸ்ட்ரட்டின் நீளம், எல்லாமே வரைபடம் சொன்னபடிதான் இருந்தன. என் கை எங்கும் நழுவவில்லை. வரைபடத்தின்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் ஸ்ட்ரட் எட்டாது. தப்பு வரைபடத்தில்.

ஒரு மாதிரியைச் செய்வதே எதற்கு? வரைபடத்தில் தப்பு இருந்தால் அது நாலடிப் படகிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பதற்குத்தானே. அது தெரிந்தது. தீக்குச்சி அளவுக்கு வாயைத் திறந்து சொன்னது. நான் ஸ்க்ரூவை முறுக்கி அந்த வாயை அடைத்துவிட்டேன். மாதிரியில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் பெரிய படகில் பன்னிரண்டு. கிட்டத்தட்ட அரை அங்குலம். அத்தனை தூரம் வளைத்துப் பிடித்த ஷாஃப்ட் எத்தனை நாள் சுற்றும்? எங்கே வைத்து நிற்கும்? அஞ்சலை அக்காவின் கொழுந்தனுக்கு எஞ்சின் நின்ற இடம் கரைக்கு நூறடிகூட இல்லை.

தனபால் அண்ணன் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். பெரிய படகு கட்டுகிறவர்களுக்குத் தெரியாதா, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்றார். எனக்கு அந்தப் பேச்சு இதமாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஆறுதல் உடைந்துகொண்டே வந்தது. பெரிய படகு கட்டுகிற இடத்திலும் ஒரு கௌரி இருப்பாள். அவளும் கெட்டிக்காரியாக இருப்பாள். ஸ்ட்ரட் உட்காராததைப் பார்த்து, 'மாதிரிப் படகில் பொருந்தியிருக்கிறது, ஆகவே தப்பு நம்முடையது' என்று நினைப்பாள். பெரிய போல்ட்டாகப் போட்டு முறுக்குவாள். அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுப்பது நான் செய்த மாதிரிதான். சாயங்காலம் ஏரிக்கரையில் போய் நின்றேன். சனிக்கிழமை படகு மூக்கை ஏற்றிய சரிவில் தடம் இன்னும் அழியாமல் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை காலையில் சார் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வெள்ளிக்கிழமையே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என் தப்புன்னு நெனச்சேன் சார்."

"அப்பவும் சொல்லியிருக்கணும்" என்றார்.



பதினொரு மணிக்கு இன்ஜினியர் அச்சை வாங்க வந்தார். சார் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சாரிடமே பேசினார். ஊரே பார்க்கப் படகு ஓடியதே, இப்போது வந்து வரைபடம் தப்பு என்றால் என்ன அர்த்தம், செய்தவர்கள் சரியாகச் செய்யவில்லை என்பதுதான் அர்த்தம் என்றார். அதற்குள் அவருக்கு வேறொரு காரணமும் கிடைத்துவிட்டது: மரம் ஈரத்தில் கோணியிருக்கும்.

அங்கேதான் அவர் சறுக்கினார். அதுவரை மூலையில் இழைப்புளியோடு தலை குனிந்து நின்ற தனபால் அண்ணன் நிமிர்ந்தார். "என் படகு கோணலா சார்?" என்றார். வாயைக் கொடுக்காதே என்று எனக்கு உபதேசம் செய்தவர்தான். போய், படகின் வளைவுக்கு வெட்டி வைத்திருந்த அளவு அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் படகின் மேல் வைத்துக் காட்டினார். ஒரு தலைமுடி நுழையும் இடம்கூட எங்கும் இல்லை.

நான் ஸ்ட்ரட்டை மாட்டி, ஸ்க்ரூ போடாமல் விட்டேன். சுவாமி படத்துக்குக் கீழே இருந்த தீப்பெட்டியை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினேன். "நீங்களே வெச்சுப் பாருங்க சார்."

அவர் ஒரு குச்சியை எடுத்து இடைவெளியில் விட்டார். குச்சி நின்றது. நான் ஷாஃப்டைச் சுண்டினேன், நிற்காமல் சுற்றியது. குச்சியை எடுத்துவிட்டு ஸ்க்ரூவை முறுக்கி மறுபடி சுண்டினேன். அரைச் சுற்றில் நின்றது. இதை மூன்று முறை செய்து காட்டினேன். நாலாவது முறைக்கு அவர் விடவில்லை. பைக்குள்ளிருந்து வரைபடங்களை எடுத்து மேஜையில் விரித்தார். எஞ்சினுக்கு இடம் போதவில்லை என்று ஒரு தாளில் அதன் உயரத்தை ஏற்றியிருக்கிறார்கள். உயரம் ஏறியதும் ஷாஃப்டின் சாய்வும் கூடியிருக்கிறது, வெளியே அது இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. ஸ்ட்ரட் வரைந்த தாள் மட்டும் பழையபடியே இருந்திருக்கிறது. அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, விரலால் கோட்டைத் தொடர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இடைவெளியை இன்னொரு முறை சரியாக அளந்து சொல்லும்படி கேட்டார். மரியாதையாகவே கேட்டார்.

குப்பத்துக்குத் தகவல் சொல்லி, இன்னொரு நாள் ஓட்டிக் காட்டலாம் என்று சார் முடிவு செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அவர். தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். அஞ்சலை அக்காவுக்கு மட்டும் நானே சொல்கிறேன் என்றேன். போலாம் என்று சொன்ன வாய் என்னுடையது.

மறுநாள் மார்க்கெட்டில் அவரைத் தேடிப் போனேன். சங்கராமீன் அரிந்துகொண்டிருந்தார். கூட்டம் குறையட்டும் என்று பக்கத்தில் நின்று, பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். என்னை அடித்துவிடுவாரோ என்றுகூட இருந்தது.

"அப்ப அன்னிக்கு நான் கேட்டப்போ, ஒனுக்குத் தெர்யாதா?"

"ஷாஃப்ட் கனமா சுத்துனது தெரியும்க்கா. ஏன்னு பாக்கல."

"பாக்காமயே போலாம்ன."

"ஆமாங்க்கா."

அவர் மீனை அரிந்து முடித்து, இலையில் வைத்து, வாங்க வந்த அம்மாவிடம் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "தெர்லன்னா தெர்லன்னு சொல்லு மா. நான் அவர வூட்லயே குந்த வெச்சிகினு இருப்பேன். தெரிஞ்ச மாதிரி சொல்லிடாத."

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன், வெட்கப்படவில்லை.

அடுத்த பத்து நாளில் புதிய ஸ்ட்ரட் செய்தேன், ஒரு தீக்குச்சி கூடுதல் நீளம். அது தானாகப் போய்ப் படகின் அடியில் உட்கார்ந்தது. ஸ்க்ரூ போடும் முன் எவ்வளவு சுற்றியதோ, போட்ட பின்னும் அவ்வளவே சுற்றியது. மறுபடி ஏரிக்கரை, மறுபடி கூட்டம், முதல் தடவையைவிடக் கொஞ்சம் குறைவு. படகு அதேபோலத்தான் ஓடியது. கரையில் நின்று பார்த்தவர்கள் யாருக்கும் இரண்டு ஓட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அதை எண்ணினால்தான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ஓட்டம் முடிந்ததும் அஞ்சலை அக்கா வந்தார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் பேட்டரியைக் கழற்றி, படகைக் கவிழ்த்து, அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். மீன் வாசம் அடிக்கும் விரலால் புரொப்பெல்லரை ஒரு சுண்டு சுண்டினார். அது சுற்றியது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முனுசாமி இருந்த பக்கம் திரும்பி, "போவட்டும்" என்றார்.

பெரிய படகு கட்டி முடிந்தபோது நானும் சாரும் போயிருந்தோம். ஸ்ட்ரட்டுக்கு போல்ட் போடும் முன் நானே குனிந்து பார்த்தேன். தீக்குச்சிக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அதற்குப் பிறகு 'கௌரி கை பட்டா' என்று சார் எப்போதும் சொன்னதில்லை. எந்த மாதிரி வெளியே போனாலும், "கௌரி பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்பார். முன்னதைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஒன்று பொருந்தவில்லை என்றால் கையைச் சும்மா வையுங்கள். நம்மைப் போன்ற கைகளுக்கு அதுதான் மிகவும் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனாலும் வையுங்கள். அது ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள். தப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் எழுந்து போய்ச் சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால், பயத்தோடு சொல்லுங்கள்.

அஞ்சலை அக்கா அதன் பிறகும் பல வருடங்கள் காலையில் எங்கள் ஷெட் வாசலைத் தாண்டித்தான் போனார். முனுசாமி விடிகாலையில் கரையேறினால்தான் அந்தக் கூடையில் மீன் இருக்கும். ஆகவே கூடையைப் பார்த்தாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். இருந்தாலும் அக்கா ஒரு நாளும் சும்மா போனதில்லை. வாசலில் ஒரு நொடி நின்று, வேலை செய்துகொண்டிருக்கும் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

"வந்துட்டாரு."